மெக்னீசியம் பேட்டரிக்கு மேல்பூச்சு எதற்கு? கேள்வி பதில்

ஓசூரில் மின் ஸ்கூட்டர் ஆலைகள் வந்த பிறகு, நம் மாவட்டத்தில் பேட்டரி பற்றிக் கேட்காத ஆளில்லை. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் லித்தியத்துக்குப் பதில் மெக்னீசியத் தகட்டை வைக்கும் பேட்டரி பற்றியவை.

சார், லித்தியத்தின் மேலும் ஒரு படலம் உருவாகிறதே, அது நல்லது என்கிறார்கள். மெக்னீசியத்துக்கு மட்டும் ஏன் ஆகாது? (மாணவி, பர்கூர்)

சரியான இடத்தில் கை வைத்தாயம்மா. லித்தியத்தின் மேல் படியும் படலம் லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானைத் தடுக்கும். மெக்னீசியத்தை லித்தியம் பேட்டரியில் உள்ள அதே கார்பனேட் மின்பகுளியில் (பேட்டரிக்குள் அயனியைக் கடத்தும் திரவம்) போட்டால் ஆக்சைடும் மற்றதும் கலந்த ஒரு தோல் மூடிக்கொள்கிறது. மெக்னீசியம் அயனிக்கு இரட்டை மின்சுமை. திடப்பொருளுக்குள் நகர்வதே அதற்குப் பெரும்பாடு, அந்தத் தோலைத் தாண்டவே முடியாது. அதனால்தான் அயனியை விடுகிற ஒரு படலத்தை நாமே முந்திக்கொண்டு பூசுகிறோம்.

அண்ணே, என்னத்தைப் பூசுறாங்க, பெயிண்டா? (மெக்கானிக், ஓசூர்)

இல்லை தம்பி. ஒரு வழி, பிஸ்மத் குளோரைடு கரைசலில் தகட்டை நனைப்பது. பிஸ்மத் மேலே படிந்து மெக்னீசியத்தோடு சேர்ந்துகொள்ளும்; அந்தக் கலவைக்குள் அயனி எளிதாக நகரும். வெள்ளீயத்திலும் செய்கிறார்கள். குறை என்னவென்றால், உலோகப் பூச்சு எலக்ட்ரானையும் கடத்தும். அதனால் சார்ஜ் ஏற்றும்போது வந்து சேரும் மெக்னீசியம், பூச்சுக்கு அடியில் படியாமல் அதன் மேலேயே படிந்துவிடலாம்.

எனக்கு நம்பிக்கை பாலிமர் வழியில்தான். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற பாலிமரோடு ஒரு மெக்னீசியம் உப்பைக் கலந்து சூடாக்கிய பூச்சை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினர் 2018இல் வெளியிட்டார்கள். தண்ணீர் கலந்த கார்பனேட் மின்பகுளியில்கூட அது வேலை செய்தது!

மின்பகுளியை மாற்றினால் போதாதா? (ஆசிரியர், தருமபுரி)

இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தில் அவுர்பாக் குழு 2000இல் அதைத்தான் செய்தது. தோல் உருவாகவில்லை. ஆனால் அவர்களின் மின்பகுளியில் இருந்த ஈதர் கரைப்பான்கள் எளிதில் தீப்பிடிக்கும், உயர் மின்னழுத்தத்தைத் தாங்கா. போதாததற்கு, அதிலுள்ள குளோரைடு எஃகை அரிக்கும்.

சேலத்தில்தான் மேக்னசைட் (மெக்னீசியத் தாது) கொட்டிக் கிடக்கிறதே, வண்டிக்கு எப்போது வரும்? (விவசாயி, காவேரிப்பட்டணம்)

இப்போதைக்குக் கடையில் தேட வேண்டாம் ஐயா. ஒரு கன சென்டிமீட்டருக்கு மெக்னீசியம் 3833 மில்லிஆம்பியர்-மணி மின்சுமையைத் தேக்கும், லித்தியம் 2062தான்; அதனால் இடம் மிச்சம். எடைக்கு எடை பார்த்தால் லித்தியம்தான் முன்னே. சேலத்துக் கல்லில் பெரும்பகுதி உலைச் செங்கல்லுக்குப் போகிறது. அதை உலோகமாக்க நிறைய எரிசக்தி வேண்டும்.

வீட்டில் பூசிப் பார்க்கலாமா?

கூடாது. ஈரம் பட்டால் பிஸ்மத் குளோரைடு அமிலத்தைக் கக்கும். ஆய்வகத்தில் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள்தான் இந்த வேலை.