கேப்பைப் பையை யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 49. இரண்டு வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்ட்டும் வைத்தார்கள். எனக்குக் கனத்த மார்பு. இப்போது வலது பக்கம் மட்டும் இழுப்பதால் கழுத்தும் தோளும் ஓயாமல் வலிக்கின்றன. துணிப்பையில் கேப்பையை நிரப்பி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ நூறு கிராம் இருந்தால்தான் நேராக நிற்க முடிகிறது. விடுதியிலிருந்து மகள் வரும் நாட்களில் மட்டும் பையை ஒளித்துவைத்துவிடுவேன். கல்யாணம் ஆகவேண்டிய பெண்; அவளிடம் கொழுப்புக்கட்டி ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருக்கிறோம். நான் புதிதாக மார்பகம் வைத்துக்கொள்ளலாமா, இல்லை வலது பக்கத்தையும் எடுத்துவிடலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு. என் அம்மா 52 வயதில் வயிற்றுக்கட்டியில் இறந்தார். 'இந்த வயதில் எதற்கு' என்கிறார் கணவர்.
— வாசகி, கோவில்பட்டி

பதில்: மகள் வரும் நாளில் பையை ஒளித்துவைக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் வலியோடு கோணிக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? இருபது வயதைத் தாண்டிய பெண், அம்மாவின் ரவிக்கை ஒரு பக்கம் தொய்ந்திருப்பதைப் பார்க்காமலா இருப்பாள்?

உங்கள் அம்மா 'வயிற்றுக்கட்டியில்' இறந்தார் என்கிறீர்கள். எந்தக் கட்டி? உங்களுக்குத் தெரியாது. யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் சேர்ந்தே ஆபத்தைக் கொண்டுவரும் மரபணுக் கோளாறுகள் உண்டு. தாயிடம் இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அன்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்ததைத்தான் இன்று நீங்கள் செய்கிறீர்கள். நாளை உங்கள் மகளும் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து 'அம்மாவுக்கு ஏதோ கொழுப்புக்கட்டி' என்று சொல்வாள். அதை நம்பி அந்த டாக்டரும் அவளை அனுப்பிவைப்பார்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து மகளின் உயிர்க்காரியத்தை மறைப்பது தாய் செய்யும் வேலை இல்லை, அம்மா. இந்த ஒரு செய்தியைக் கேட்டு எழுந்து போகிற குடும்பம், நாளை உங்கள் பெண் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கப் போகிறதா?

நீங்கள் கேட்ட ஆபரேஷனுக்கும் இதுதான் வழி. வலது பக்கத்தை எடுப்பதா என்று முடிவுசெய்வதற்கு முன், உங்கள் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை நடக்க வேண்டும். கோளாறு இருந்தால் எடுப்பதைப் பற்றிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. சினைப்பைகளைப் பற்றியும் பேசுவார்கள். இல்லையென்றால், நல்ல மார்பகத்தை எடுப்பதால் ஆயுள் கூடிவிடாது. கனத்த உடம்பில் மார்பகத்தை எடுத்த பிறகு அக்குள் ஓரம் மடிப்பாகத் தோல் தொங்கி உரசும். அந்தத் தொல்லை இடது பக்கத்திலேயே உங்களுக்கு இருக்கக்கூடும்.

புதிய மார்பகம் பழையது போல இருக்குமா என்றால், இருக்காது. உள்ளே வைக்கும் சிலிக்கோன் பைகள் பெரும்பாலும் 800 மில்லி அளவோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் நிறுத்துப் பார்த்த ஒரு கிலோ நூறு கிராமுக்கு அவை ஈடாகாது. நீங்கள் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு பட்ட தோல் சரியாக விரிந்தும் கொடுக்காது. உள்ளே வைத்த பையைச் சுற்றி இறுகிக் கல்லாகிவிடுவது அப்படிப்பட்ட தோலில்தான் அதிகம். அதனால் உங்கள் நிலையில் முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ உங்கள் சதையையே எடுத்து வைப்பதைத்தான் பல பிளாஸ்டிக் சர்ஜன்கள் யோசிப்பார்கள். அது பல மணி நேர ஆபரேஷன். கனத்த உடம்பும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தால் புண் ஆறத் தாமதமாகும், தையல் ஓரம் கறுத்துப்போகும், சீழ் பிடிக்கும். ஒன்றோடு முடியாமல் இரண்டு மூன்று முறை மேஜையில் படுக்க நேரலாம். தொட்டால் பழைய உணர்ச்சியும் வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வேண்டுமென்று முடிவுசெய்தால் செய்துகொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கழுத்துவலிக்கு அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. வலது மார்பகத்தைச் சிறிதாக்கிவிடலாம். பாரம் இறங்கும், இடது பக்கத்துக்கு ரவிக்கைக்குள் வைக்கும் எடை குறைந்த செயற்கை மார்பகமே போதும். வெட்டியெடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதுவும் உங்களுக்கு ஒரு காவல். ஆபரேஷனுக்கு முன் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே ஒன்று, புண் ஆறிச் சில மாதம் கழித்து ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தழும்பைப் பார்த்துப் பின்னாளில் யாரும் குழம்பக் கூடாது.

'இந்த வயதில் எதற்கு' என்கிற உங்கள் கணவர், அந்தக் கேப்பைப் பையை ஒரு தோளில் மட்டும் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கடைக்குப் போய்வரட்டும். மனைவியின் முதுகெலும்பு வளைவதை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வயதைப் பற்றிப் பேச உரிமை இல்லை. சர்ஜனைப் பார்க்கப் போகும்போது அவரும் கூட வர வேண்டும்.

மகளுக்கும் உங்களைப் போன்ற உடல்வாகு என்றால், கனத்த மார்பில் சிறு கட்டி விரலுக்கு எளிதில் தட்டுப்படாது என்பதை அவள் தெரிந்துகொண்டாக வேண்டும். உங்களுக்கு நோய் வந்தது 47இல். மரபணுவில் கோளாறு இல்லாவிட்டாலும், 37இலேயே மார்பகப் பரிசோதனையைத் தொடங்குவது பற்றி அவள் டாக்டரிடம் கேட்க வேண்டும். கோளாறு இருந்தால் இன்னும் முன்பே. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் முழு மார்பகத்தையும் எடுக்கவேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், முழுவதும் எடுத்தவர்களும் ஒரே அளவு வாழ்ந்தார்கள் என்று 1970களில் தொடங்கிய இத்தாலிய, அமெரிக்க ஆய்வுகள் இருபது வருடம் பார்த்து 2002இல் சொல்லிவிட்டன. கனத்த மார்புக்காரிகளுக்கு, கட்டியை எடுக்கும்போதே இரண்டு பக்கத்தையும் சிறிதாக்கிச் சமன்செய்துவிட முடியும்.

கேப்பைப் பையை இனி வெறும் தோலில் வைக்காதீர்கள். கதிர்வீச்சு பட்ட இடம். வியர்வையில் ஊறினால் புண்ணாகிவிடும். மாடியில் வெயிலில் காயப்போடுங்கள். மகள் அடுத்த முறை வரும்போதும் அது அங்கேயே கிடக்கட்டும். 'இது என்னம்மா' என்று அவள் கேட்பாள், அப்போது உட்காரவைத்துச் சொல்லுங்கள்.