எலும்பு டாக்டராகும் மகன் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

தக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகனுக்கு எம்.எஸ். ஆர்த்தோ சீட் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள், முட்டு மாற்று ஆபரேஷனிலும் தண்டுவடத்திலும் ஆராய்ச்சி செய்யப் போவதாக அவர் சொன்னது உங்களைக் கலக்கியிருக்கிறது. "ஆராய்ச்சின்னு போனா ஆபரேஷன் பழக்கம் விட்டுப் போயிடாதா? மார்த்தாண்டத்துல ஒரு கிளினிக் போட்டா போதாதா?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். எலும்பு மருத்துவத்தில் ஆராய்ச்சி என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வகத்தில் உட்காருவது இல்லை. பெரும்பாலும், சிகிச்சை பெற்றவர் ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்து எப்படி நடக்கிறார் என்று விடாமல் பார்ப்பதுதான். இங்கிலாந்தின் எலும்பு டாக்டர் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். ஆரம்பத்தில் எல்லோரும் நன்றாக நடந்தார்கள். சில வருஷத்தில் கிண்ணம் தேய்ந்து, துகள்கள் சுற்றியுள்ள சதையைப் பாதித்தன. அந்தத் துகள் உடம்பில் என்ன செய்கிறது என்று அறியத் தன் தொடையிலேயே டெஃப்லானை வைத்துப் பார்த்தார் அவர். 1962-ல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்றுக்கு அதுதான் அடித்தளம். நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தத் தவறு அவருக்கே தெரிந்திருக்காது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவைக்கு வாருங்கள். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்பில் காசநோய் வந்த குழந்தைகளின் 15 ஆண்டு எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார். நோய் குணமான பிறகும் யாருக்குக் கூன் கூடிக்கொண்டே போகும் என்று முன்கூட்டியே காட்டும் 4 அடையாளங்களை 2001-ல் வெளியிட்டார். ஊரறிந்த தண்டுவட சர்ஜனும் அவர்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆராய்ச்சிக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வருஷக்கணக்காகத் தரையில் உட்கார்ந்து வேலை செய்த பெண்ணின் முட்டு எந்தப் பக்கம் முதலில் தேய்கிறது? பனையேறி விழுந்து முதுகெலும்பு உடைந்தவர் மறுபடி என்ன வேலைக்குப் போகிறார்? இதையெல்லாம் வெளியூர்க்காரர் வந்து எண்ணித் தர மாட்டார்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளம் டாக்டரின் நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு போன் நம்பர், ஒன்று அவருடையது, இன்னொன்று வீட்டில் இருப்பவருடையது. பக்கத்தில் 'போட் திரும்பும் மாதம்' என்று ஒரு கட்டம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவரை வாரக்கணக்கில் கரையில் பிடிக்க முடியாது, அதனால்தான் அந்தக் கட்டம். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

சரி, வருமானம். எம்.எஸ். மூன்று வருஷம், அப்புறம் மூட்டு மாற்றிலோ தண்டுவடத்திலோ இரண்டு வருஷ எஃப்.என்.பி. ஃபெலோஷிப், அதாவது எம்.எஸ்.ஸுக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி. இரண்டுக்கும் உதவித்தொகை உண்டு. பெரிய சம்பாத்தியம் சற்றுத் தள்ளிப்போகும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக உயர ஆய்வுக் கட்டுரைகள் கட்டாயம். அதனால் இந்த உழைப்பு வீண்போகாது. கல்யாணப் பேச்சை இதற்காக நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

இரண்டிலும் ஒன்றாக இறங்குவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. மூட்டு ஒரு வாழ்நாள் வேலை, தண்டுவடம் இன்னொன்று. எம்.எஸ். முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை அச்சிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களின் பக்கமே போக வேண்டாம்.

இப்போது முக்கியம் தீசிஸ், அதாவது எம்.எஸ். படிப்பில் எழுத வேண்டிய ஆய்வேடு. தலைப்பு முதல் வருஷத்திலேயே முடிவாகிவிடும். எம்.எஸ். தீசிஸுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு மகன் வீட்டுக்கு வரும்போது, கிளினிக் பேச்சை எடுப்பதற்கு முன்னால், "உன் தீசிஸ்ல எத்தனை பேரை, எத்தனை மாசம் பார்க்கப் போறே?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் அவர் போக்கில் விடுங்கள். தடுமாறினால் என்னிடம் அனுப்புங்கள், உட்கார்ந்து பேசுகிறோம்.