அமெரிக்கக் கூட்டமைப்புக் கொடி: பாரம்பரியமா, வெறுப்பின் சின்னமா?

சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதற்குள் வெண் நட்சத்திரங்கள். இதைச் சிலர் பாரம்பரியம் என்றும் சிலர் வெறுப்பு என்றும் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் அமைத்துக்கொண்ட தனி அரசுதான் இந்தக் கூட்டமைப்பு. இது அதன் தளபதி ராபர்ட் லீயின் வடக்கு வர்ஜீனியப் படை ஏந்திய போர்க்கொடி. 1863இல் கூட்டமைப்பின் தேசியக் கொடியின் மூலையிலும் இடம்பெற்றது.

ஆதரிப்பவர்களில் பலர் 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டமைப்புக்காக மாண்ட முன்னோரை இதில் காண்கிறார்கள். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் எதற்காகப் பிரிந்தோம் என்பதை அந்தத் தலைமுறையே எழுதிவைத்துவிட்டது. தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்கிறது மிசிசிப்பி மாநிலத்தின் பிரிவினைப் பிரகடனம். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் சவானா நகரில் முழங்கினார். இதைப் படித்த பிறகு ‘வெறும் பாரம்பரியம்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொடி திரும்பி வந்த காலத்தையும் பாருங்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா இந்தச் சின்னத்தைத் தன் மாநிலக் கொடியில் சேர்த்தது. 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் 9 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே தென் கரோலினா தன் சட்டமன்ற வளாகத்திலிருந்து இதை இறக்கியது. மிசிசிப்பி தன் கொடியிலிருந்து நீக்க 2020 ஆனது.