கார்ட்டூன் வரைய விரும்பும் மகளுக்கு முதல் மூன்று மாதங்கள்

அன்புள்ள அம்மா,

பதினோராம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் கையால் வரையும் அனிமேஷனைக் கற்க விரும்புவதாகவும், அதற்காக விலையுயர்ந்த டிராயிங் டேப்லெட் வாங்கி, பெருந்தொகை கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஆசையைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா, அழகாகப் படம் வரைவது மட்டும்தான் பிடித்திருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும்.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720. ஒரே முகத்தைச் சலிக்காமல் மீண்டும் மீண்டும் வரையும் பொறுமை இல்லாமல் இத்தொழிலில் நிலைக்க முடியாது. ஒற்றைப் படத்தை அற்புதமாக வரையும் பிள்ளைகள் பலர் முப்பதாவது தாளிலேயே சோர்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

தொடங்குவதற்கு வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர், அலுவலகங்களில் பயன்படுத்தும் இரட்டைத்துளை பஞ்ச் ஆகியவை போதும். எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் துளையிட்டு, அத்துளைகளுக்குப் பொருந்தும் இரண்டு முளைகளை ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டால் தாள்கள் நகராது. கண்ணாடிப் பலகையை இருபுறமும் புத்தகங்களின் மேல் வைத்து, அடியில் எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால், கீழே உள்ள படம் மேல்தாளில் தெரியும்.

முதல் பயிற்சியாகத் துள்ளும் பந்தை வரையச் சொல்லுங்கள். எளிதாகத் தோன்றினாலும் இத்தொழிலின் அடிப்படை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. உச்சியில் பந்து வேகம் குறைவதால் அங்கே படங்கள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக இருக்க வேண்டும். தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூட வேண்டும். தரையைத் தொடும் ஒரு படத்தில் பந்து தட்டையாகி, அதற்கேற்ப அகலத்தில் விரிய வேண்டும். எல்லா இடைவெளிகளையும் சமமாக வரைந்தால், பந்து கயிற்றில் கட்டி இழுக்கப்படுவதுபோல உயிரற்று நகரும். கைப்பேசியில் ஸ்டாப் மோஷன் செயலியைப் பதிவிறக்கி, ஒவ்வொரு தாளையும் படம்பிடித்து ஓடவிட்டால் அந்தத் தவறு அவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதன்பின் ஊசல், பாதி நிரம்பிய மாவு மூட்டை துள்ளுவது, மனித நடை என்று இந்த வரிசையிலேயே போகட்டும். கணினிக்கு மாறும்போது கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேலைவாய்ப்பு குறித்த தங்கள் கவலை நியாயமானது. காகிதத்தில் மட்டும் வரைபவர்களுக்கு இன்று வேலை குறைவு. ஆனால் ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து திட்டமிடுவது), கதாபாத்திர வடிவமைப்பு, முப்பரிமாண அனிமேஷன் ஆகியவற்றுக்கும் அசைவைப் புரிந்துகொண்டு வரையும் இதே கைதான் தேவை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலும் அனிமேஷனுக்குப் பட்டப்படிப்புகள் உள்ளன. ஆகவே பள்ளிப் படிப்பை எக்காரணம் கொண்டும் தளரவிட வேண்டாம்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதங்கள் வரையட்டும். பிறகு அவரை என்னிடம் அழைத்து வாருங்கள். வீடியோவுடன், அழித்துத் திருத்திய தாள்கள் அனைத்தையும் வரிசை கலையாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். நான் முதலில் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.