நிலத்தைப் பாழாக்கியதாக நோட்டீஸ்: குத்தகைதாரர் வெளியேற வேண்டுமா?

கேள்வி: ஆத்தூர் வட்டத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தை என் தந்தை காலத்திலிருந்து பணக் குத்தகைக்கு எடுத்து, நானும் என் மனைவியும் இறங்கிப் பாடுபட்டு மரவள்ளி பயிரிட்டு வருகிறோம். சென்ற பருவத்தில் மாவுப்பூச்சி தாக்கியதால் ஒரு பகுதிச் செடிகளைப் பிடுங்கி எரித்தோம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் அரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. கிழக்கு வரப்பை வெட்டி, ஐந்தாறு டிராக்டர் மண்ணை உறவினர் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கொடுத்தேன். நிலத்தைப் பாழாக்கி அழிமானம் செய்துவிட்டதாகவும், 15 நாளில் ஒப்படைக்காவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதாகவும் நில உரிமையாளர் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். "அழிமானம் ஏற்பட்டால் நிலத்தை உடனே விட்டுவிட வேண்டும், முன்பணம் திரும்பக் கிடையாது" என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் 15 நாளில் வெளியேற வேண்டியதில்லை. நீங்களும் குடும்பத்தாரும் உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுவதால், தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 உங்களுக்குப் பொருந்தும். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், அந்தச் சட்டம் கூறும் காரணங்களில் ஒன்று இருந்தால்தான், அதுவும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு, இரு தரப்பையும் விசாரித்து அவர் உத்தரவிட்ட பிறகுதான், உங்களை வெளியேற்ற முடியும்.

அந்தக் காரணங்களில் ஒன்றுதான் உங்கள் நோட்டீஸின் அடிப்படை. நிலத்தையோ அதிலுள்ள பயிரையோ அழிக்கும் அல்லது அவற்றுக்குக் கேடு விளைவிக்கும் செயலைச் செய்தவரும், அத்தகைய கவனக்குறைவுக்குப் பொறுப்பானவரும், சாகுபடியை முற்றிலுமாகக் கைவிட்டவரும் சட்டத்தின் பாதுகாப்பை இழப்பார்கள் என்பது 3-ஆம் பிரிவின் சாரம். நோட்டீஸ் எழுதியவர் "பாழ்", "அழிமானம்" என்ற இரு சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். பாழ் என்பது நிலத்தின் நிலையைச் சொல்கிறது. மழை பொய்த்தாலும், பூச்சி விழுந்தாலும் வெள்ளாமை பாழாகும், அதற்கு யாரும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அழிமானம் என்றால், நம் ஊர்ப் பேச்சில், அதைச் செய்த ஓர் ஆள் உண்டு. ஆட்டை விட்டு மேய்த்தவர், வரப்பை வெட்டியவர், மடையை அடைத்தவர் என்று கைகாட்ட முடிய வேண்டும். சட்டம் கேட்பதும் இந்த இரண்டாவதைத்தான். கோட்டாட்சியர் முன்பு கேள்வி, நிலம் இன்று எப்படி இருக்கிறது என்பது மட்டுமல்ல; அது உங்கள் செயலாலோ கவனக்குறைவாலோ அப்படி ஆயிற்றா என்பதே.

செடிகளைப் பிடுங்கி எரித்ததை எடுத்துக்கொள்வோம். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் தான் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. நம் சேலம் மாவட்டத்திலும் பெரும் சேதம் ஏற்படுத்தியதால், அதைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகளை 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். கடுமையாகத் தாக்கப்பட்ட செடிகளை வேரோடு பிடுங்கி எரிப்பது வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் முறை. மீதிப் பயிரைக் காப்பாற்றச் செய்த வேலை அழிமானம் ஆகாது. சொல்லப்போனால், எரிக்காமல் விட்டிருந்தால்தான் கவனக்குறைவு என்று வாதிட இடம் உண்டு. ஆனால் வாய்வார்த்தை போதாது. எரித்த காலத்துப் புகைப்படங்கள், மருந்து வாங்கிய ரசீதுகள், தோட்டக்கலைத் துறை அலுவலர் வந்து பார்த்திருந்தால் அவர் தந்த குறிப்பு ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் அந்தப் பசலி (வருவாய்க் கணக்கு) ஆண்டுக்கு என்ன பயிர் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, நகல் வாங்கி வையுங்கள்.

அரை ஏக்கர் தரிசு குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். நீர் இல்லாததால் ஒரு பகுதியை விட்டு மற்றதில் பயிர் வைத்திருப்பவர், சாகுபடியை முற்றிலும் கைவிட்டவர் ஆகமாட்டார்.

வரப்பு மண் விஷயத்தில்தான் உங்கள் நிலை பலவீனமாக இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். மேல் மண்ணை எடுத்து வெளியே அனுப்புவதும், எல்லை வரப்பைக் கரைப்பதும் நிலத்துக்குக் கேடு விளைவிக்கும் செயல் என்று வாதிட உரிமையாளருக்கு நல்ல இடம் இருக்கிறது; அனுமதியின்றி மண் அள்ளியது கனிம விதிகளின்படி தனியாகவும் பிரச்சினையாகலாம். குறைந்த அளவு என்பதாலும், சரிசெய்யக்கூடியது என்பதாலும் வெளியேற்றும் அளவுக்கு இது போகாது என்று நான் வாதிடுவேன். அந்த வாதம் நிற்க வேண்டுமானால், விசாரணைக்கு முன்பே வரப்பை மறுபடி கட்டி, மண் இட்டு மேவி, அதைப் படம் எடுத்து வையுங்கள். பதில் நோட்டீஸில் இதை ஒப்புக்கொண்டோ மறுத்தோ அவசரமாக எதையும் எழுத வேண்டாம். வழக்கறிஞர் வாசகத்தைப் பார்த்து எழுதட்டும்.

காவல் புகாரைப் பொறுத்தவரை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு சொத்துக்குக் கேடு விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பிறருக்குச் சட்டவிரோதமான நட்டம் உண்டாக்கும் எண்ணமோ, அது உண்டாகும் என்ற அறிவோ இருக்க வேண்டும். பணக் குத்தகையில் பயிர் உங்களுடையது. அதை எரித்ததில் இந்த எண்ணத்துக்கே இடமில்லை. மண் எடுத்ததைப் பிடித்துக்கொண்டு புகார் வரலாம், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

முன்பணத்தை அப்படியே பிடித்துக்கொள்ளவும் முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் தொகை குறிப்பிட்டிருந்தாலும் நியாயமான ஈடு மட்டுமே கேட்க முடியும். நட்டத்தை நிரூபிக்கக்கூடிய இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் விளக்கியிருக்கிறது. வரப்பைக் கட்ட ஆகும் செலவு ஈடாகலாம், முழு முன்பணமும் ஆகாது.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. குத்தகைப் பாக்கியை ஒருநாளும் நிற்க விடாதீர்கள். அழிமானம் நிரூபணமாகாவிட்டால் பாக்கியைக் காட்டித்தான் அடுத்த மனு வரும். உரிமையாளர் பணம் வாங்க மறுத்தால், கோட்டாட்சியர் நீதிமன்றத்தில் உரிய காலத்துக்குள் வைப்பீடு செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்கள் பெயர் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குத்தகை உரிமைப் பதிவேட்டில் இல்லையென்றால், வட்டாட்சியரிடம் பதிவுக்கு மனுக் கொடுங்கள். யாராவது பம்ப்செட் அறையைப் பூட்டி உங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றினால், இரண்டு மாதங்களுக்குள் ஆத்தூர் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து நிலத்தைத் திரும்பப் பெறலாம். அந்தக் கெடுவைத் தவறவிட வேண்டாம்.