வாடையை அடக்கும் மாத்திரை: அப்பாவுக்கு வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. போன வருடம் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் மலம் சேரும் பை பொருத்தியிருக்கிறார்கள். நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் வாடை வருமோ என்ற பயத்தில் கோயிலுக்கும் போவதில்லை, கல்யாண வீட்டுக்கும் போவதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரமாட்டேன் என்கிறார். இணையக் கடை ஒன்றில் ‘பிஸ்மத் சப்காலேட்’ மாத்திரையைப் பார்த்தேன். உள்ளிருந்தே வாடையை அடக்குமாம். அப்பா இருதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். வாங்கலாமா?
– ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: அந்த மருந்து பொய்யில்லை. குடலில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் அழுகிய முட்டை வாடைக்குக் காரணம். பிஸ்மத் அதைப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் இது டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அங்கே பெரியவர்களுக்கு வேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது என்பது கணக்கு.

ஆனால் மாத்திரைக்குக் காசு கொடுப்பதற்கு முன் பையைப் பாருங்கள். சரியாக ஒட்டியிருக்கும் பையிலிருந்து வாடை வரக்கூடாது. காலி செய்யும்போது வருவது இயல்பு. மற்ற நேரத்தில் வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய், சுருங்கும். அப்பா இன்னும் மருத்துவமனையில் சொன்ன பழைய அளவுக்கே பையில் துவாரம் வெட்டிக்கொண்டிருந்தால், ஓரத்தில் இடைவெளி விழுந்து கசியும், தோலும் புண்ணாகும். மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். காற்று போவதற்குப் பையில் கரி வடிகட்டி இருந்தால், அது நனைந்துவிட்டால் வேலை செய்யாது. குளித்து முடித்ததும் கவனியுங்கள். அறுவை சிகிச்சை செய்த இடத்தில் ஸ்டோமா தாதி இருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். பைக்குள் விடும் வாடை நீக்கிச் சொட்டும் உண்டு. அது உடம்புக்குள் போவதில்லை என்பதால் நான் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன். கோயிலுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே முட்டை, பூண்டு, வெங்காயம், பெத்தாய், துரியான் எல்லாவற்றையும் தள்ளி வைத்துப் பாருங்கள். தயிரும் மோரும் சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன.

இதற்குப் பிறகும் மாத்திரை வேண்டும் என்றால், சரி, பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘பிஸ்மத் சப்சாலிசிலேட்’ வேறு மருந்து. வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் இளஞ்சிவப்பு மருந்தில் இருப்பது அதுதான். அதுவும் வாடையைக் குறைக்கும், ஆனால் அது ஆஸ்பிரினின் பங்காளி. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடும் அப்பாவுக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். வேண்டவே வேண்டாம்.

சப்காலேட்டிலும் ஒரு விஷயம் என்னைக் கவலைப்படுத்துகிறது. பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், நாக்கையும்தான். அந்தக் கறுப்பில் கெடுதல் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் வரும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு, அதுவும் குடல் புற்றுநோய் வந்தவருக்கு, அந்த எச்சரிக்கை மறைந்துபோகக் கூடாது. தார் போல ஒட்டிக்கொண்டு வந்தாலோ, தலைசுற்றலும் களைப்பும் சேர்ந்தாலோ மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மாதக்கணக்கில் விடாமல் கொடுக்கவும் கூடாது. 1970களில் ஆஸ்திரேலியாவில், பை வைத்திருந்த சிலர் இதே மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டு, மனக்குழப்பம், கை நடுக்கம், நடை தள்ளாட்டம் என்று அவதிப்பட்டார்கள். நிறுத்தியதும் தேறினார்கள். கோயில், கல்யாணம் என்று தேவைப்படும் நாட்களுக்கு மட்டும் போதும். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும், கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ‘எக்ஸ்’ என்றால் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து, ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்து மாத்திரை. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணே இல்லை என்றால், 20 வெள்ளிக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அப்பாவின் மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேளுங்கள். ஆலோசனைக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

கேள்வி: எனக்கு இனிப்புநீர், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வாயு பிரிந்தால் அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போகிறார்கள். தினமும் கரி மாத்திரை போடலாமா?
– கோலாலம்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். வாயால் சாப்பிடும் கரி, வாயுவின் வாடையைக் குறைப்பதாக ஆய்வில் தெரியவில்லை. அப்புறம், கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகளையும் அது உறிஞ்சிவிடும். வாயுவுக்கு மெட்ஃபார்மினே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மெல்லக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். சர்க்கரை இல்லாத மிட்டாய் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியும் இதைத்தான் செய்யும். இரண்டு வாரம் தே தாரிக்கை விட்டுப் பாருங்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறையப் பேர். எடை குறைந்தாலோ, ரத்தம் வந்தாலோ, கழிப்பறைப் பழக்கம் திடீரென்று மாறினாலோ மருந்தகத்துக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.