எல்லாரும் இருக்கினம்தானே?

வணக்கம்.

கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். மாணவி ஒருத்தி கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நான் இல்லாட்டி அம்மாவுக்குப் பாரம் குறையும்' என்று எழுதியிருந்தாள். கேட்டால் 'சும்மா எழுதினது ரீச்சர்' என்று சிரிக்கிறாள். தகப்பன் இல்லை. ஆனால் அம்மம்மா, மாமாமார், சித்தி என்று எல்லாரும் ஒரே ஒழுங்கையில் இருக்கினம். மிகப் பொறுமையான பிள்ளை, அழுது நான் கண்டதில்லை. இவ்வளவு ஆதரவும் பொறுமையும் உள்ளவளுக்கு ஆபத்து இருக்குமா? நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடுமோ? தாயிடம் சொல்லலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நேரே கேளுங்கள், நாளைக்கே. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 'பிழையான முடிவு ஒண்டும் எடுக்கமாட்டாய்தானே?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எந்தப் பிள்ளையும் 'இல்லை ரீச்சர்' என்றுதான் சொல்லும். 'சாகவேணும் எண்டு நினைப்பு வாறதோ?' என்றே கேளுங்கள். 'ஓம்' என்றால் ஏசாமல், பதறாமல் கேட்டுக்கொண்டிருங்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். அன்று அவளைத் தனியே விடவும் வேண்டாம்.

ஒழுங்கையில் எத்தனை பேர் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவள் பார்ப்பது வேறு: இவர்களில் யாரிடம் சொன்னால் அது விடிய முதல் குடும்ப வழக்காகாது? கிடைத்த உதவியின் அளவைவிட, 'எனக்கு ஆள் இருக்கு' என்ற நம்பிக்கைதான் மனநலத்தோடு உறுதியாக ஒட்டி நிற்கிறது.

வன்னியில் அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு வசனம் வைத்திருக்கிறோம். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் 2009இல் கைக்குழந்தைகள், அல்லது பிறந்தே இராதவர்கள். அவர்கள் எந்தத் துக்கத்தைக் கொண்டுவந்தாலும், 'நாங்கள் முள்ளிவாய்க்காலில பட்டதைவிடவோ?' சொல்பவர் பொய் சொல்லவில்லை. பங்கருக்குள் கிடந்தவர், செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். ஆனால் சோதனையில் குறைந்த புள்ளியும், முறிந்த காதலும், நுண்கடன் அறவிட வந்தவன் முன் தாய் தலைகுனிந்து நின்றதும் அந்தத் தராசில் ஒருநாளும் நிறை காட்டா. பிள்ளை வாயை மூடப் பழகுகிறது. தாயில் பாசம் கூடிய பிள்ளை இன்னும் விரைவாகப் பழகுகிறது. மற்றவர்களுக்குத் தான் பாரம் என்ற எண்ணத்தை, தற்கொலை விருப்பத்தின் இரண்டு வேர்களில் ஒன்றாக அமெரிக்க உளவியலாளர் தோமஸ் ஜொய்னர் 2005இல் எழுதினார். மற்றது, தான் எவருக்கும் சொந்தமில்லை என்ற உணர்வு. உங்கள் மாணவி எழுதியது சும்மா எழுதினதல்ல.

பொறுமைக்கு வருவோம். லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் துன்பத்தைச் சமாளிக்கும் இரண்டு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள்: மாற்றக்கூடியதை இறங்கி மாற்றுவது, மாற்றமுடியாததில் மனத்தை ஆற்றிக்கொள்வது. கோயிலில் இருந்து அழுவதும் சிநேகிதியோடு கதைப்பதும் ஆற்றுவதுதான், நல்லது. இவள் இரண்டும் செய்யவில்லை. விழுங்குகிறாள், தன்னையே குற்றம் சொல்கிறாள். நாங்கள் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர் வைக்கிறோம். குழப்படி செய்கிற பெடியனையாவது அதிபர் கூப்பிட்டு விசாரிக்கிறார், இவளை ஒருவரும் கூப்பிடுவதில்லை.

தாயிடம் சொல்லத்தான் வேண்டும், மாணவிக்குத் தெரியாமல் அல்ல, அவளையும் வைத்துக்கொண்டு. முதலில் யாருக்குச் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள், சித்தியாகவும் இருக்கலாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடப் போங்கள். இராப்பகலாக அழைக்கத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இன்னொன்று, வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து. 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையினது. அது பிறகு பாதிக்கும் கீழே இறங்கியதில் பெரும்பங்கு அப்படியான மருந்துகளில் கொடியவற்றைத் தடைசெய்ததற்கு. அந்தரப்படும் நேரத்தில் கைக்கு எட்டாதிருப்பதுதான் உயிரைக் காக்கிறது. பெட்டியில் பூட்டினால் போதும் என்று இருக்கவேண்டாம். வடமத்திய மாகாணக் கிராமங்களில் செய்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில் பூட்டுப்பெட்டிகள் பலன் காட்டவில்லை. மிச்ச மருந்தை மாமாமாரைக் கொண்டு அந்த ஒழுங்கைக்கு வெளியே மாற்றுவியுங்கள். அவளோடு கதைக்க முதலே இதைச் செய்யலாம். காரணம் கேட்டால், பிள்ளைகள் இருக்கிற வீடு என்று சொன்னால் போதும்.